வாழ்த்தும் வாழையும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவன்று மண்டபத்து வாயிலின் இருபுறமும் குலை தள்ளிய வாழைமரங்களை நிறுத்திக் கட்டுவது, நாங்கள் மும்பைக்கு வந்த நாள்தொட்டுக் கண்டுவரும் வழக்கம். ஊரில் கொல்லைக்குப் போய் வெட்டிக் கொணரும் மரத்தை, இங்கே முன்பணம் கொடுத்து, வண்டிக்கூலி பேசி, மாட்டுங்காக் கடைத்தெருவிலிருந்து ஏற்றி வரவேண்டும். ஆயினும் அம்மரங்கள் இல்லாத விழாவை எவரும் விழாவாக ஏற்பதில்லை. புதிதாய் மணமானவர்கள் அவ்வாயிலில் நுழைந்தால், மூத்தோர் கைகளை உயர்த்தி, 'வாழையடி வாழையாக வாழ்க' என்று வாழ்த்துவர். இவ்வாழ்த்தை நாங்கள் இளமையில் பெற்றிருக்கிறோம். முதுமையில் எத்தனையோ பேருக்கு வழங்கியும் இருக்கிறோம்.

இவ்வாழ்த்தினுள் ஒரு முரண் அடங்கியிருப்பதை 2019ஆம் ஆண்டுவரை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. குலம் பெருக வேண்டும் என்பதற்கு நாம் சான்றாக நிறுத்தும் வாழை, விதை ஈனாத மரம். அது ஏன் விதை ஈனவில்லை என்ற கேள்வியும், எங்கள் இல்லத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் ஆறாதிருந்த ஒரு புண்ணும், ஒரே எண்ணிக்கையில் வந்து சந்தித்தன. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணவனும் மனைவியுமாக இருவரும் சேர்ந்தே இதனை எழுதுகிறோம். ஒருவர் மட்டும் எழுதினால் அது மற்றவரைக் குறை கூறுவதாகவோ, தம்மைத்தாமே காத்துக்கொள்வதாகவோ முடிந்துவிடும் என்று அஞ்சினோம்.

எங்களுக்கு மணமானது 1982ஆம் ஆண்டில். செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வீடு. விடியுமுன் ஒரு மணி நேரம் கீழ்க்குழாயில் தண்ணீர் வரும்; அதைப் பிடித்து மாடிக்கு ஏற்ற வேண்டும். மறு ஆண்டு கருவுற்ற மூன்றாம் மாதத்தில், தம்பியின் திருமணத்துக்காக ஊருக்கு ரயிலில் சென்று திரும்பிய பத்தாம் நாள், கரு கலைந்தது. மருத்துவமனையில் ஒரு நாள் இருந்துவிட்டு வீடு திரும்பினோம். காரணம் என்ன என்று கேட்டதற்கு மருத்துவர், 'சில நேரம் இப்படி நடக்கும்' என்று மட்டும் கூறினார். அவர் கூறியது பொய்யன்று என்பதை இன்று அறிவோம். அன்று அஃது எங்களுக்கு விடையாகப் படவில்லை.

விடை கிடைக்காத இடத்தில் பழி வந்து அமர்ந்துகொண்டது. 'மூன்றாம் மாதத்தில் இரண்டு பகலும் இரண்டு இரவும் ரயிலில் குலுங்கிக்கொண்டு போகலாமா? அக்காள் வராவிட்டால் தம்பிக்குத் தாலி ஏறாதா?' என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து கடிதம் வந்தது. 'வாயும் வயிறுமாக இருக்கிறவளை மூன்று மாடி வாளி சுமக்க விட்டீர்களே, நீங்கள் கேட்க வந்துவிட்டீர்களா?' என்று பெண் வீட்டிலிருந்து மறுமொழி போயிற்று. பப்பாளி தின்றாளா, கிரகணத்தன்று வெளியே வந்தாளா, அந்தியில் தலைவாரினாளா என்றெல்லாம் இன்லண்டு கடிதத்தின் மடிப்பு ஓரங்களிலும் கேள்விகள் நிறைந்திருந்தன. இரண்டு குடும்பங்களும் ஒன்றின் வாசலை ஒன்று மிதிக்காமல் நான்கு ஆண்டுகள் கழிந்தன. இடையே 1985ஆம் ஆண்டில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். பெயர்சூட்டு விழாவுக்கு வந்தவர்கள்கூட எதிரெதிர்ச் சுவரோரமாகத்தான் அமர்ந்திருந்தார்கள்.

வெளியே இருந்த பழி நாளடைவில் தேய்ந்தது. உள்ளே இருந்தது தேயவில்லை. எங்களுள் ஒருவர் மனத்தில் ரயிலும், மற்றவர் மனத்தில் வாளியும் நிலைத்து நின்றன. அதை ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை.

அந்த மகளுக்கு மணமாகி, அவளும் மருமகனும் புணேயில் வாழ்கின்றனர். 2019ஆம் ஆண்டு மழைக்காலத்தில், கருவுற்ற பதினொன்றாம் வாரம், அவளுக்கும் அதுவே நேர்ந்தது. செய்தி கேட்டு அன்றிரவே பேருந்தில் புறப்பட்டுச் சென்றோம். படுக்கையில் கிடந்தவள் எங்களைக் கண்டதும் முதலில் கேட்டது இதுதான்: 'அம்மா, போன வாரம் கணினிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினேன். அதனாலேயா?'

பொறியியல் கற்று, பெரிய நிறுவனத்தில் பொறுப்பான பணியில் இருப்பவள் அவள். கடிதம் எழுதும் மாமியாரும் இல்லை. எதிர்க்கடிதம் எழுதும் தாயும் இல்லை. ஆயினும் அந்த வாளி முப்பத்தாறு ஆண்டுகள் கடந்து அவள் தோளில் பையாக ஏறி அமர்ந்திருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டபோது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவளைக் கவனித்த மருத்துவர், கலைந்த கருவின் திசுவைக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். மூன்று வாரங்கள் கழித்து முடிவு வந்தது. தாளின் நடுவே ஓர் எண்: 69. மருத்துவர் தம் மேசைமேல் இருந்த வெள்ளைத்தாளில் மூன்று கோடுகள் இழுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 23 என்று எழுதினார். 'இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்திருக்கிறது. கருவுற்ற முதல் நாளிலேயே இது முடிவாகிவிட்டது. பையும் காரணமல்ல, படியும் காரணமல்ல' என்றார். பிறகு எங்களை நோக்கி, 'நீங்கள் உண்ணும் வாழைப்பழத்தில் விதை இல்லையே, அதற்கும் இதே கணக்குதான்' என்றார். அவர் போகிற போக்கில் சொன்னது அது. எங்கள் மனத்தில் அது தங்கிவிட்டது. அதன்பின் நூல்களைத் தேடியும், தெரிந்தவர்களைக் கேட்டும் நாங்கள் அறிந்துகொண்டதை, எங்களுக்கு விளங்கிய அளவில் இங்கே எடுத்துரைக்கிறோம்.

மனித உடம்பின் பெரும்பாலான உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் உள்ளன. அவை 23 வீதம் இரண்டு தொகுதிகளாக அமைந்தவை. இருபத்துமூன்று பாகங்கள் கொண்ட ஒரு நூல் என்று வைத்துக்கொண்டால், அந்நூலின் முழுத் தொகுதி ஒன்றைத் தாயும், மற்றொரு முழுத் தொகுதியைத் தந்தையும் தருகின்றனர். பெற்றோர் ஒவ்வொருவரிடமும் இரண்டு தொகுதிகள் உண்டு. ஆனால் தாயின் கருமுட்டையும் தந்தையின் விந்தணுவும் உருவாகும்போது இரண்டு ஒன்றாகக் குறைக்கப்படுகிறது. அவ்வாறு குறையாவிட்டால் தலைமுறைதோறும் 46 என்பது 92 ஆகி, 92 என்பது 184 ஆகிப் பெருகிக்கொண்டே போகும். எனவே பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் பாதியாக்குவதே உயிர்த்தொடர்ச்சியின் முதல் விதி.

இந்த 46 என்ற எண்ணிக்கையே நெடுங்காலம் பிழையாகச் சொல்லப்பட்டு வந்தது என்பதை அறிந்தபோது வியந்தோம். 1920களிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றே அறிஞர்கள் நம்பினர். பாடநூல்களும் அவ்வாறே எழுதின. ஜாவாத் தீவில் பிறந்து, பிறந்த மண்ணை விட்டு வந்து ஆய்வு செய்த ஜோ ஹின் ட்ஜியோ என்பாரும், ஆல்பர்ட் லெவான் என்பாரும், ஸ்வீடனின் லுண்ட் நகரில் எண்ணிப் பார்த்து, 1956ஆம் ஆண்டில் 46 என்று வெளியிட்டனர். மூன்றாண்டுகளில், 1959ஆம் ஆண்டில், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு ஒரு குரோமோசோம் மிகுந்து 47 இருப்பதைப் பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் லெஜோன் முதலானோர் கண்டனர். நூலில் ஒரு பாகம் மட்டும் மிகுவது அது. எங்கள் மகளின் கருவில் மிகுந்தது ஒரு முழுத் தொகுதி. இதனை மும்மடியம் என்பர்.

மூன்றாம் தொகுதி எவ்வாறு வருகிறது? ஒரே கருமுட்டையினுள் இரண்டு விந்தணுக்கள் புகுந்துவிடுவது ஒரு வழி. பாதியாக்கும் பணி நிறைவேறாமல், கருமுட்டையோ விந்தணுவோ இரண்டு தொகுதிகளோடு வந்து சேர்ந்துவிடுவது மற்றொரு வழி. ஆக, மிகை தந்தை வழியாகவும் வரலாம். தாய் வழியாகவும் வரலாம். எவ்வழியில் வந்தாலும், அஃது ஒரு கணத்தில் நிகழும் தற்செயல். உண்ட உணவோ, சென்ற பயணமோ, சுமந்த சுமையோ அதனை உண்டாக்குவதில்லை.

கருத்தரிப்புகளில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு மூன்று தொகுதிகளோடு தொடங்குகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முதல் சில மாதங்களிலேயே கலைந்துவிடும். அரிதாகப் பிறந்துவிடும் குழந்தையும் நெடுநாள் தங்குவதில்லை. இன்னொன்றையும் அறிந்தோம்: முதல் மூன்று மாதங்களுக்குள் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், இவ்வாறான ஏதேனும் ஒரு குரோமோசோம் எண்ணிக்கைப் பிழையே. இரண்டில் ஒன்று! 1983ஆம் ஆண்டில் இந்த ஒரு செய்தியை எவரேனும் எங்கள் இரண்டு வீட்டாருக்கும் சொல்லியிருக்கலாகாதா என்று எண்ணினோம்.

இனி வாழைக்கு வருவோம். புணேயிலிருந்து திரும்பிய மறுநாள் மாட்டுங்காவில் ஒரு சீப்புப் பூவன் பழம் வாங்கி வந்து, ஒன்றை உரித்து நீளவாக்கில் அரிந்து பார்த்தோம். நடுவே சின்னஞ்சிறு கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. வாழ்நாளெல்லாம் உண்ட பழம். அப்புள்ளிகள் என்ன என்று கேட்டதில்லை. விதையாகப் பிறந்து விதையாக வளராமற்போன சூல்கள் அவை.

காட்டு வாழையில் விதைகள் உண்டு. மிளகைவிடப் பருத்த, கல்லைப்போற் கடினமான கரிய விதைகள் பழம் நிறைய இருக்கும். உண்ணத்தக்க சதை சிறிதே. அவ்வாழைகளின் உயிரணுவில் 11 வீதம் இரண்டு தொகுதிகளாக 22 குரோமோசோம்கள். நாம் உண்ணும் வாழைகளிற் பலவற்றுக்கு மூன்று தொகுதிகள், 33 குரோமோசோம்கள். என்றோ ஒருநாள், எங்கோ ஒரு தோட்டத்தில், பாதியாக்கும் பணி தவறிய ஒரு சூலோ மகரந்தமோ இரண்டு தொகுதிகளோடு வந்து, மற்றதன் ஒரு தொகுதியோடு சேர்ந்து, மூன்றாயிற்று. எங்கள் மகளுக்கு நேர்ந்த அதே தவறுதான். அம்மரம் செழித்து நின்றது. பழத்தில் விதை உறுத்தவில்லை. உழவன் அதன் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டான். நியூ கினித் தீவில் 6,000 ஆண்டுகளுக்கு முன்னரே வாழை பயிரிடப்பட்டதற்குத் தடயங்கள் கிடைத்துள்ளன. அவ்வளவு பழமையானது இந்த உறவு.

மூன்று தொகுதி இருந்தால் விதை ஏன் உண்டாவதில்லை? கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் இருவராக எதிரெதிர் நின்றால்தான் கோல் கோலோடு சேரும். பாதியாக்கும் பணி தொடங்குமுன் குரோமோசோம்களும் அவ்வாறே இணையிணையாகச் சேர்ந்து நிற்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூவர் வந்து நின்றால் ஒருவர் துணையின்றித் தவிப்பார், ஆட்டம் கலையும். பதினோரிடத்திலும் அவ்வாறு கலைந்தபின், சரியான எண்ணிக்கையுள்ள சூல் அமைவது மிக அரிது. பயிர்வாழைக்கு மகரந்தம் சேராமலே சதை திரளும் இயல்பும் உண்டு. இரண்டும் சேர்ந்ததால் நமக்கு விதையற்ற கனி கிடைத்தது.

காட்டு வாழை இனங்கள் இரண்டின் தொகுதிகளை 'ஏ' என்றும் 'பி' என்றும் குறித்து, எந்த வாழையில் எத்தனை என்று வகுக்கும் முறையைச் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்னும் இருவர் 1955ஆம் ஆண்டில் வகுத்துத் தந்தனர். அதன்படி நம் பூவன், ரஸ்தாளி, நேந்திரன் ஆகியவை 'ஏஏபி'. மொந்தனும் கற்பூரவல்லியும் 'ஏபிபி'. மும்பை வண்டிக்காரர்கள் விற்கும் பச்சை நீளப்பழம் 'ஏஏஏ'. ஊரில் ஒரே தோட்டத்தில் நின்ற வாழைகளுக்குள் இத்தனை கலப்பு மணங்கள் நடந்திருக்கின்றன.

வாழையோடு நில்லாமல் எங்கள் சமையற்கட்டையே ஒருமுறை சுற்றி எண்ணிப் பார்த்தோம். இட்டிலிக்கு ஊறவைக்கும் அரிசி இரண்டு தொகுதி, 24. உப்புமாவுக்கு ஊரிலிருந்து வரவழைக்கும் சம்பா கோதுமை நான்கு தொகுதி, 28. இங்கே வந்து பழகிக்கொண்ட சப்பாத்திக் கோதுமை ஆறு தொகுதி, 42. பொங்கலன்று சாத்தி வைக்கும் கரும்பின் கணக்கு எல்லாவற்றையும் மிஞ்சியது. பழைய தடித்த கரும்பினத்துக்கு எட்டுத் தொகுதிகளாக 80 குரோமோசோம்கள். 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆய்வு நிலையத்தில் அதனைக் காட்டு நாணற்கரும்போடு கலந்து 'கோ' வகைகளை உருவாக்கினர். பஞ்சாபுக்கென்று 1918ஆம் ஆண்டில் தந்த 'கோ 205' அவற்றுள் முன்னோடி. அக்கலப்பின் வழிவந்த இன்றைய கரும்புகளில் நூறு முதல் நூற்று முப்பதுவரை குரோமோசோம்கள் எண்ணப்பட்டுள்ளன. தலைச்சேரியில் 1897ஆம் ஆண்டில் பிறந்து, சென்னையில் கல்லூரிப் பணியாற்றி, அமெரிக்காவில் முனைவராகி, 1934ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் வந்து கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், பிற்பாடு இங்கிலாந்தில் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளை ஒரு பெருநூலாகவே 1945ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1984ஆம் ஆண்டில் மறைந்த அப்பெருமாட்டி, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த எண்ணிக்கைக்கே கொடுத்திருக்கிறார்.

செடிகளுக்கு இத்தனை தாராளம் உண்டென்றால் மனிதக் கருவுக்கு ஏன் ஒரு தொகுதிகூட மிகுதல் ஆகாது? எங்களை நெடுநாள் வாட்டிய கேள்வி இது. நம் உடம்பிலேயே சில உயிரணுக்கள் மிகுதியைத் தாங்கத்தான் செய்கின்றன. கல்லீரலில் நான்கு தொகுதிகள் உள்ள உயிரணுக்கள் பல உண்டு. ஆனால் ஒரு கரு முதல் நாளிலிருந்து மூன்றோடு தொடங்குவது வேறு. தாய் தந்த தொகுதியும் தந்தை தந்த தொகுதியும் ஒன்றுபோலவே வேலை செய்வன அல்ல. சில மரபணுக்கள் தாய்வழி வந்தால் மட்டுமே பேசும். சில தந்தைவழி வந்தால் மட்டுமே பேசும். இரண்டும் சமமாக இருந்தால்தான் குழந்தையும் நஞ்சும் அளவோடு வளரும். தந்தைவழித் தொகுதி மிகுந்தால் நஞ்சு அளவுக்கு மீறிப் பருத்து, அதில் சிறுசிறு நீர்க்கொப்புளங்கள் தோன்றும். தாய்வழி மிகுந்தால் நஞ்சு சிறுத்துக் கரு வாடும். ஒருவர் பங்கு கூடினாலும் மற்றவர் பங்கால் அதனை ஈடுசெய்ய முடியாது.

பரிசோதனையால் என்ன பயன், போனது போயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. நாங்களும் முதலில் அப்படித்தான் கேட்டோம். பயன் உண்டு. நஞ்சு கொப்புளமாகும் வகையாக இருந்தால், கருவின் எச்சம் உடலில் தங்கித் தொல்லை தராமலிருக்க, சில மாதங்கள் இரத்தப் பரிசோதனை செய்து கவனிக்க வேண்டும். அதுவரை அடுத்த கருவைத் தள்ளிப் போடவும் சொல்வார்கள். எங்கள் மகளுக்கு அவ்வாறு கவனித்தார்கள். அடுத்து, ஒருமுறை மும்மடியம் நேர்ந்தது என்பதால் மறுமுறையும் அது நேரும் என்பதில்லை, பெரும்பாலும் நேர்வதில்லை. பெற்றோர் உடம்பில் குறை இருப்பதாகவும் அதற்குப் பொருளில்லை. இதை மருத்துவர் சொன்னபோது, அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவரும் எதையோ சுமந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அன்றிரவு நாங்கள் இருவரும் மகள் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டிருந்தது. எங்களுள் மனைவியானவர், 'அந்தக் கல்யாணத்துக்கு நான் போகாமலே இருந்திருக்கலாம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்' என்றார். கணவரானவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 'காலை முறைக்கு ஓடுகிறேன் என்று சொல்லி ஒரு நாளும் நான் வாளியைத் தூக்கவில்லையே' என்றார். முப்பத்தாறு ஆண்டுகளாக, மற்றவர் தம்மைத்தான் பழிக்கிறார் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தோம். உண்மையில் ஒவ்வொருவரும் தம்மையேதான் பழித்துக்கொண்டிருந்தோம். ஒரே வீட்டில், ஒரே தட்டில் பரிமாறி உண்டு, இதைச் சொல்லிக்கொள்ளாமல் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறோம்.

1983ஆம் ஆண்டில் போன எங்கள் கருவின் எண்ணிக்கை என்னவென்று எங்களுக்கு என்றுமே தெரியப்போவதில்லை. அது 69 ஆக இருந்திருக்கலாம், 47 ஆக இருந்திருக்கலாம்; 46 ஆகவே இருந்து, வேறு ஏதேனும் காரணத்தால் போயிருக்கலாம். ஆனால் ரயிலும் வாளியும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு எழுத எவரிடமும் சான்று இருந்ததில்லை. சான்றில்லாமலே இரண்டு குடும்பங்கள் பிரிந்தன. எங்கள் இருவரைப் பெற்ற நால்வரும் அந்த மனக்கசப்பின் மீதியோடுதான் மறைந்தனர். அவர்களுக்கு இதைச் சொல்ல முடியவில்லையே என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு.

வெளியூரில் வாழும் நமக்குச் சங்கமே ஊர். சங்கத்தில் சந்திக்கும் அத்தையும் மாமியும் பெரியம்மாவுமே உறவு. அதனால்தான் இதை இம்மலரில் எழுதத் துணிந்தோம். ஒரு பெண்ணுக்கு இழப்பு நேர்ந்தது என்று கேள்விப்பட்டால், 'என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய், எதைத் தூக்கினாய்' என்ற கேள்விகளை நாம் விட்டுவிடலாம். அவை அக்கறையால் எழுகின்றன என்பதை அறிவோம். நாங்களும் பிறரிடம் கேட்டிருக்கிறோம். கேட்கப்பட்டவருக்கு அவை விசாரணையாகவே ஒலிக்கும். 'உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா' என்று சொல்லி ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். முடிந்தால் அவள் கணவனிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவனை எவரும் ஒன்றும் கேட்பதில்லை. அதனால் அவன் ஒன்றும் சுமக்கவில்லை என்று ஆகிவிடாது.

எங்கள் மகளுக்கு 2021ஆம் ஆண்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நலமாக இருக்கிறாள். அவள் பிறவாதிருந்தாலும் இக்கட்டுரையை எழுதியிருப்போம். அவள் பிறப்பதற்கு முன்பே இதில் உள்ளதெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. குழந்தை பிறந்ததனால் மட்டுமே தாயின்மேல் இருந்த பழி நீங்கிற்று என்றால், பழி நீங்கியதாகவே ஆகாது.

சென்ற பொங்கல் விழாவில் பேத்தி வாயில் வாழையின் குலையை அண்ணாந்து பார்த்து, 'இதுக்குள்ளே விதை எங்கே தாத்தா?' என்று கேட்டாள். 'இதற்கு விதை கிடையாது. பக்கத்திலே ஒரு கன்று வரும். அதைப் பெயர்த்து இன்னோரிடத்தில் நட்டால் அங்கேயும் பிடித்துக்கொள்ளும்' என்று சொன்னோம். அவள் அடிமரத்தைச் சுற்றி வந்து கன்றைத் தேடினாள். வெட்டிக் கொண்டுவந்து கட்டிய மரம். அதற்குக் கன்று இல்லை. கிழங்கு எந்தத் தோட்டத்து மண்ணிலோ இருக்கிறது, அங்கே துளிர்த்திருக்கும் என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றோம்.

அன்று மண்டபத்தில் புதுமணமக்கள் மூன்று இணையர் வந்து வணங்கினர். 'வாழையடி வாழையாக' என்ற வாழ்த்தை நாங்கள் இன்னும் விட்டுவிடவில்லை. அழகான வாழ்த்து அது. ஆனால் அதன்பின் இப்போதெல்லாம் வேறொன்றும் சேர்த்துச் சொல்கிறோம்: 'எது வந்தாலும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளுங்கள்.'